ஆள்காட்டி விரலில் ஒரு காய்ப்பு

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் நான்கு நாற்காலிகள் உண்டு. மூன்றாவது நாற்காலியில் வேலை பார்க்கும் மனிதருக்கு ‘ஒரே குத்து’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் இருப்பதோடு சரி, வெளியே புழங்குவதில்லை. டாக்டர்கள்கூட, “நரம்பு கிடைக்கலையா? ஒரே குத்து இருக்காரா பாருங்க” என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். மற்ற மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும், டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதற்காகவே காத்திருப்பவர்கள் இருந்தார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. ரத்தம் எடுப்பவர்களில் பாதிப் பேர் கண்ணை நம்புகிறவர்கள். கண்ணுக்கு நீலமாக, வாட்டசாட்டமாகத் தெரிகிற நரம்பு, ஊசி வந்ததும் கடைக்குப் போகச் சொன்ன பிள்ளை மாதிரி நழுவிவிடும். இவர் கண்ணை நம்பமாட்டார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கை ஆள்காட்டி விரலின் நுனியால் அழுத்திப் பார்ப்பார். நல்ல நரம்பு அடியிலிருந்து மெதுவாக எதிர்த்து அழுத்தும். அந்த எதிர்ப்பு விரலுக்குத் தெரிந்துவிட்டால் போதும், மற்றதை வலது கை பார்த்துக்கொள்ளும். தலைக்கனம் பிடித்தவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. இருந்த கனமெல்லாம் அந்த விரலில்தான் இருந்தது.

அவருடைய அப்பா அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கியவர். மகன் ஒருநாள் டாக்டராகி இந்த லிஃப்டில் ஏறுவான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் ஏறினான், ரத்தக் குழாய்கள் அடுக்கிய தட்டோடு. அப்பா அதற்கும் சந்தோஷப்பட்டார், பாவம். பிறகு தங்கை கல்யாணம், அப்பாவின் நோய், சொந்தக் கல்யாணம், மகளின் படிப்பு, மகளின் வேலை என்று வருஷங்கள் போயின. நாற்பத்தெட்டு வயது வரை அந்த மனிதர் யாருக்கும் பிரயோஜனமில்லாத காரியம் ஒன்றைக்கூடச் செய்ததில்லை. இது புகழ்ச்சி இல்லை. செய்திருந்தால் பின்னால் வந்தது இவ்வளவு வேகமாகத் தலைக்கேறியிருக்காது.

வந்தது ஒரு கிட்டார். மச்சானுடையது. மனைவியின் தம்பியான அந்த மச்சானுக்கு ஆரம்ப சூரத்தனம் அதிகம். உடம்பை இளைக்க ஒரு சைக்கிள் வாங்கினார், மனசை லேசாக்க ஒரு கிட்டார் வாங்கினார். வீடு மாற்றும்போது இரண்டையும், “அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்று கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார். சைக்கிள் துணி காயப்போட உதவியது. கிட்டார் எதற்கும் உதவாமல் பீரோவுக்குப் பின்னால் நின்றது.

ஒரே குத்துவுக்கு வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் முடிந்துவிடும். மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தாள், வீடு திரும்ப இருட்டிவிடும். மதியம் முழுக்க வீடு அவருக்கும் மின்விசிறிக்கும் சொந்தம். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார், எழுந்து செல்போனைப் பார்ப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் செல்போனில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்தார். சாதாரண மர நாற்காலி, பின்னால் கலைந்து கிடக்கும் அலமாரி, மடியில் கிட்டார். வாசிக்க ஆரம்பித்ததும் இரண்டு பேர் வாசிப்பது மாதிரி கேட்டது. இன்னொருவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று ஒரே குத்து திரையின் ஓரமெல்லாம் தேடினார். யாரும் இல்லை.

வழுக்கைத் தலைக்காரர் விளக்கினார். இதற்கு ப்ளூஸ் என்று பெயர். மனசு கனத்துப்போன ஒருவன் தனியாக உட்கார்ந்து முறையிடுவது. கூட்டம் வேண்டாம், தாளக்காரர் வேண்டாம், பாடக்கூட வேண்டாம். வலது கைக் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். என்ன நடந்தாலும் அது நிற்கக் கூடாது. மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கற்ற இங்கிலீஷில் பாதி புரிந்தது, கையைப் பார்த்து மீதி புரிந்தது. அன்று சாயங்காலமே பாடத்தில் சேர்ந்துவிட்டார்.

முதல் மாதம் கேட்கும்படியாக இல்லை. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, “ஏதாவது ரிப்பேர் வேலை நடக்குதா?” என்று மரியாதையாகவே விசாரித்தார். மனைவி சிரித்துச் சிரித்து மாய்ந்தாள்.

“அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாங்க?”

“இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு அம்பதுக்கு.”

“அதுக்குள்ள வளைச்சிருங்க. இல்லேன்னா கீழ்வீட்டுக்காரர் காலி பண்ணிருவாரு.”

வளைந்தது, ஆனால் வலித்தது. எஃகுக் கம்பிகள் இடது கை விரல் நுனிகளில் கோடு கோடாகப் பதிந்தன. ஆள்காட்டி விரல்தான் அதிகம் அழுத்த வேண்டியிருந்ததால் அதற்குத்தான் அடி அதிகம். இதை எதிர்பார்த்தவர் போல, வழுக்கைத் தலைக்காரர் மூன்றாம் பாடத்தில் ஒரு யோசனை சொன்னார்: விரல் நுனியில் அடிக்கடி ஸ்பிரிட் தொட்டு வையுங்கள், தோல் சீக்கிரம் இறுகும், இறுகிவிட்டால் வலி இல்லை, நாதமும் சுத்தமாக வரும்.

ஸ்பிரிட்! வேறு யாராக இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போக வேண்டும். இவருக்கு ஸ்பிரிட் பஞ்சு இல்லாத நிமிஷம் ஏது? ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவில், கையுறை மாற்றும் சாக்கில், பஞ்சை எடுத்து ஒரு ஒற்று ஒற்றிக்கொள்வார். உலகத்தில் எத்தனையோ பேர் கிட்டார் கற்றுக்கொள்கிறார்கள். தன் பிழைப்பு எந்த விரலில் இருக்கிறதோ அதே விரலை, பிழைப்பு நடக்கும் இடத்திலேயே நின்று, ஆஸ்பத்திரிப் பஞ்சாலேயே மரக்கட்டையாக்கிக்கொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவருக்கு அது உறைக்கவே இல்லை. ஒருநாள் விரலை மனைவியிடம் நீட்டினார். அவள் நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

“அடேயப்பா, கல்லு மாதிரி இருக்கு.”

“காய்ச்சிருச்சு. அப்படித்தான் ஆகணுமாம்” என்றார். மகள் முதல் மார்க் வாங்கியபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

முதலில் எச்சரித்தது மெஷின். காலையில் வேலைக்கு வருபவர்கள் விரல் வைக்கும் மெஷின் அவருடைய ஆள்காட்டி விரலைத் தெரியாதவரைப் போலப் பார்த்தது. மறுபடி வைக்கவும் என்றது. மறுபடி வைத்தார், மறுபடியும் வைக்கவும் என்றது. பின்னால் வரிசை நீண்டது. அலுவலகத்துப் பெண் வந்து விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன சார், ரேகையே இல்ல? பாத்திரம் எல்லாம் நீங்கதான் தேய்க்கறீங்களா?”

வரிசையே சிரித்தது, அவரும் சிரித்தார். கட்டைவிரலைப் பதிவு செய்து கொடுத்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று உள்ளே போனார்.

அடுத்த வாரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசி தப்ப ஆரம்பித்தது. ஒரு பருத்த மனிதர், ஒரு காய்ச்சல்காரப் பெண். பருத்த உடம்பு, காய்ச்சல் உடம்பு என்று காரணம் இருந்தது. பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கும் பெண், ஏழெட்டு வருஷமாகக் கூட வேலை செய்பவள், “என்ன அண்ணே, பேரை மாத்திரலாமா?” என்று கிண்டல் செய்தாள். அந்தக் கிண்டல் அவருக்குப் பிடிக்கவில்லை. முன்பு பிடித்திருக்கும்.

பிறகு டீச்சர் வந்தார்.

டீச்சர் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மார்பில் புற்றுநோய் வந்து வலது பக்கம் அறுவை செய்திருந்தார்கள். அதனால் வலது கையில் ஊசியே படக் கூடாது. மருந்து ஏற்றுவதானாலும் அதற்கு முன் ரத்தம் எடுப்பதானாலும் இடது கை ஒன்றுதான். ஏற்றிய மருந்தில் அந்தக் கையின் நரம்புகளும் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்குப் பிறகும் மூன்று தடவை மருந்து பாக்கி. முதல் நாளிலிருந்தே அவருக்கு ஒரே குத்துதான் எடுப்பார். “தம்பி குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது” என்று காத்திருப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தவர் அவர்தான்.

அன்று ஒரே குத்து விரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி அழுத்தினார். ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. குத்தினார், வரவில்லை. இன்னொரு இடம், அங்கும் வரவில்லை.

“என்ன தம்பி, இன்னைக்கு ஒளிஞ்சுக்கிச்சா?”

“தண்ணி கம்மியா குடிச்சிருக்கீங்க டீச்சர்.”

“குடிச்சேனே.” டீச்சர் யோசித்தார். “சரி, பத்தலை போல.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் அந்தக் கூடம் வாய் திறந்து, ஆமாம் நான் கோணல்தான் என்று ஒப்புக்கொண்டது எங்கேயாவது உண்டா? டீச்சர் ஒப்புக்கொண்டார். காரணம் கேட்காமல் எதையும் ஏற்காத கணக்கு டீச்சர், இவர் சொன்ன காரணத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். ஒருவழியாகப் புறங்கையில் எடுத்து முடித்தபோது டீச்சரின் கண்ணோரம் நனைந்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் ஒரே குத்து சோதித்துப் பார்த்தார். தன் முழங்கை மடிப்பில் வலது கை விரலை வைத்தார். நரம்பு துள்ளுவது தெரிந்தது. தன் காலில் புடைத்திருந்த நரம்பின் மேல் முதலில் வலது விரலை வைத்தார், பிறகு இடது ஆள்காட்டியை. வலது விரலுக்குத் தெரிந்தது இடது விரலுக்குத் தெரியவில்லை. மெத்தைக்கு மேலிருந்து தரையைத் தடவுவது மாதிரி இருந்தது. மெஷின் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

இங்கே அவர் கிட்டாரைத் தூக்கிப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும். காய்ப்பு நிரந்தரமானதல்ல. தொடாமல் இருந்தால் தோல் உரிந்து கொஞ்ச வாரங்களில் விரல் பழையபடி ஆகிவிடும். அது அவருக்கே தெரியும். ஆனால் அந்த வாரம்தான் ஒரு முழுப் பாட்டை முதல் தடவையாகத் தடுக்காமல் வாசிக்க ஆரம்பித்திருந்தார். கட்டைவிரல் கேட்காமலேயே நடந்தது. அதைப் பதிவு செய்து அனுப்பினால் வழுக்கைத் தலைக்காரர் பார்த்துக் கருத்துச் சொல்வார். அதை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். குடிகாரர்கள் எல்லோரும் நினைப்பதுதான்.

வலது விரலால் தடவிப் பழகலாம் என்றும் பார்த்தார். அது நரம்பைக் கண்டுபிடித்துவிட்டு ஊசியை எடுக்கப் போவதற்குள் இடம் தொலைந்துவிடும்.

அடுத்த தடவை டீச்சர் வந்தபோது, கணவர் ஒரு பை நிறையச் சாமான் தூக்கி வந்தார். தண்ணீர் பாட்டில்கள், ஒரு வெந்நீர்ப் பை, அதைச் சுற்றிய துண்டு. டீச்சர் காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாராம். பஸ்ஸில் வழிநெடுக வெந்நீர்ப் பையைக் கையில் கட்டி வைத்திருந்தாராம். கை சிவந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

“இன்னைக்கு உங்களுக்குச் சிரமம் குடுக்க மாட்டேன் தம்பி” என்றார், வீட்டுப்பாடம் முடித்துவந்த பிள்ளை மாதிரி.

ஒரே குத்து அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. விரலை வைத்தார், வழக்கம் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார், தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார். குத்தினார், வரவில்லை. ஊசியை வெளியே எடுக்காமல் உள்ளேயே அப்படியும் இப்படியும் நகர்த்தித் தேடினார். செய்யக் கூடாது என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காரியம் அது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டி நீலமாகப் பரவியது.

பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்து வந்தாள். “அண்ணே, நான் ஒரு தடவை பாக்கட்டுமா?”

“வேண்டாம். இவங்க நரம்பு எனக்குத்தான் தெரியும்.”

அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் விரலிடுக்கில் எங்கேயோ கொஞ்சம் கிடைத்தது.

“என் நரம்பு ரொம்ப மோசமாயிருச்சா தம்பி?”

“மருந்தோட வேலை டீச்சர். சுருங்கிப் போயிரும்.”

பொய் என்று சொல்ல முடியாத பொய். டீச்சர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்தார். “மன்னிச்சிருங்க தம்பி, உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன்” என்றார்.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. கிட்டாரைத் தொடக் கூடாது என்று நினைத்தபடியே எடுத்தார். வழக்கமான வேகத்துக்குக் கை வரவில்லை. மெதுவாக வாசித்தார். கட்டைவிரல் தயங்காமல் நடந்துகொண்டிருந்தது. மேலே ஒரு கம்பியை அழுத்தி லேசாக இழுத்தபோது, அது சத்தமில்லாமல் வலி தாங்குகிறவர் மூச்சு விடுவது மாதிரி வந்தது. அவருக்கே உடம்பு சிலிர்த்தது. செல்போனை நிறுத்தி வைத்து அதைப் பதிவு செய்தார், அனுப்பியும்விட்டார்.

இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. வழுக்கைத் தலைக்காரர் எழுதியிருந்தார்: இத்தனை நாள் நீங்கள் பாடத்தை வாசித்தீர்கள், இதுதான் ப்ளூஸ், இது எங்கிருந்து வந்ததோ, அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

அவர் அதைப் பஸ்ஸில் நின்றபடி படித்தார், மறுபடியும் படித்தார். சந்தோஷத்தில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்தார். எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரி வாசல் வந்தபோதுதான் யோசித்தார். டீச்சரின் கையிலிருந்து வந்தது. அந்த அம்மாள் பல்லைக் கடித்த வலியைக் கொண்டுபோய், தனக்கு ஒரு சபாஷ் வாங்கிக்கொண்டிருக்கிறார். வாசற்படியில் ஏறக் கால் கூசியது.

உள்ளே டீச்சரின் கணவர் தனியாக நின்றிருந்தார்.

“வியாழக்கிழமை ஒரு சின்ன ஆபரேஷன் தம்பி. நெஞ்சுல தோலுக்கு அடியில ஒரு டப்பி மாதிரி வைப்பாங்களாம். இனிமே அது வழியாத்தான் எல்லாம்.”

“ஏன் சார், ரெண்டு தடவைதானே பாக்கி?”

“டாக்டரம்மா வேண்டாம்னுதான் முதல்ல சொன்னாங்க. அப்புறம், ஒரே குத்துக்கே கிடைக்கலைன்னா இனி யாருக்கும் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மறுபடியும் கத்தி படணுமான்னு அழறா. முதல் ஆபரேஷனுக்குக்கூட அவ அழல.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதுவும் அவருடைய நல்ல பெயரே டீச்சரின் கைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். “எல்லாம் நல்லபடியா நடக்கும் சார்” என்று மட்டும் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“சொன்னா வேலை போயிருமா?”

“வேலை போகாது. பேரு போயிரும்.”

“போகட்டுமே. உங்களுக்குப் பேரு போனா இன்னொரு பேரு வைப்பாங்க. அந்தம்மாவுக்கு இருக்கிறதே ஒரு கை.”



“கிட்டாரை விடச் சொல்றியா?”

“நான் எதையும் விடச் சொல்லல. வாயத் திறங்கன்னுதான் சொல்றேன்.”

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்றார். உள்ளே போகும்போதே விரலை நீட்டிக்கொண்டு போனார், ஏதோ அடிபட்டுக்கொண்டவர் மாதிரி. அந்த அம்மாளும் அப்படித்தான் நினைத்துத் தொட்டுப் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. திட்டவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“வேற யாராவது எடுத்துப் பாத்தாங்களா?”

“கேட்டாங்க டாக்டர். நான் விடல.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அவங்கள இன்னைக்கே வரச் சொல்லுங்க. இந்த விரல் சரியாகற வரைக்கும் நீங்க யாரையும் குத்த வேண்டாம். குழாய்க்குப் பேர் ஒட்டற மேஜையில உக்காருங்க.”

டீச்சர் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் பட்டையைக் கட்டினாள், நீலம் பாரித்திருந்த இடத்தைத் தவிர்த்துச் சற்றுக் கீழே விரலை வைத்தாள், கண்ணைச் சுருக்கினாள். குத்தினாள். குழாயில் ரத்தம் ஏறியது. அவ்வளவுதான். ஒரே குத்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது நிம்மதியா, அவமானமா என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

“வந்திருச்சு, பாருங்க வந்திருச்சு” என்று டீச்சர் கணவரைப் பார்த்துச் சிரித்தார். “தண்ணி குடிச்சது வீண் போகல.” ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். கணவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் சுபம். இத்தோடு நகர்ந்து போய்ப் பேர் ஒட்டும் மேஜையில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் டீச்சர் அவரைத் தேடி வந்தார்.

“நீங்க மனசுல வச்சுக்காதீங்க தம்பி. உங்க மேல தப்பில்ல. என் நரம்புதான் உங்கள ஏமாத்திருச்சு.”

“இல்ல டீச்சர்” என்றார். பிறகு சொன்னார். கிட்டார், கம்பி, ஸ்பிரிட் பஞ்சு, மெஷின், தெரிந்தும் இரண்டாம் தடவை குத்தியது, பக்கத்து நாற்காலிப் பெண்ணைத் தடுத்தது. எதையும் விடவில்லை. ஒரு பிள்ளை கணக்கு போட்ட வழியைச் சொல்லக் கேட்பது மாதிரி டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் தன் இடது கையைப் பார்த்தார். நீலம் இன்னும் இருந்தது.

“விடை தப்பா வந்தா நான் முதல்ல என் வழியைத்தான் சரிபார்ப்பேன். அதனால உங்க வழியைப் பாக்கவே இல்ல” என்றார். குரல் உயரவில்லை. “இத்தனை நாளா உக்காந்து இந்தக் கையத் திட்டிக்கிட்டு இருந்தேன் தம்பி. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணு, இதுவும் ஏமாத்துதேன்னு.”

அவரால் நிமிர முடியவில்லை.

“நல்லாவாவது வாசிக்கிறீங்களா?”

பொய் சொல்ல இடமிருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் இருவருக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“முன்னாடி வரல டீச்சர். உங்க கையில அன்னைக்குத் தப்பினதுக்கு அப்புறம்தான் நல்லா வருது.”

டீச்சர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் அவசரமாகச் சொன்னார்: “விட்டுடறேன் டீச்சர். இன்னைக்கே விட்டுடறேன். கொஞ்ச நாள்ல தோல் உரிஞ்சு விரல் பழையபடி ஆயிரும். கடைசித் தடவை உங்களுக்கு நானே...”

“வேண்டாம். அடுத்த தடவையும் நான் அந்தப் பொண்ணுகிட்டதான் உக்காருவேன்.” டீச்சர் பையை எடுத்துக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார். “வாசிக்கிறத விடாதீங்க. விட்டீங்கன்னா என் கை சும்மா வலிச்சதா ஆயிரும்.”

கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் அன்றைக்கே கிட்டாரை மச்சான் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தண்டனை அனுபவித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். டீச்சருக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ. மத்தியானம் ஒரே குத்து வீட்டுக்கு வந்தார், கதவைச் சாத்தினார், கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். கட்டைவிரல் நடக்க ஆரம்பித்தது. நன்றாகத்தான் வந்தது.